அறுபது வயதுப் படத்தின் முடிவைச் சொன்னாலும் ஸ்பாய்லரா? ‘புதிய பறவை’யை முன்வைத்து

ரீல்பெட்டி:

நம் இணைய மன்றத்தின் பழைய படங்கள் பகுதியில் ‘புதிய பறவை’யின் கடைசிக் காட்சியைப் பற்றி எழுதியிருந்தேன். சிவாஜியின் முகம் மாறும் விதம், சௌகார் ஜானகி நிற்கும் நிலை, எம். ஆர். ராதாவின் குரல் திடீரென்று வேறாகிவிடுவது என்று எழுதிக்கொண்டே போகும்போது கொலை செய்தது யார் என்பதும் வரத்தானே செய்யும்? வந்தது. உடனே ஒரு கண்டனம்: “எச்சரிக்கை போடாமல் முடிவைச் சொல்லிவிட்டீர்களே, இனி நான் எப்படிப் படம் பார்ப்பது?”

படம் வெளியானது 1964இல். திரையரங்கில், டூரிங் டாக்கீஸில், தொலைக்காட்சியில், இப்போது கைப்பேசியில் என்று மூன்று தலைமுறை பார்த்தாகிவிட்டது. சரோஜாதேவியைப் போல “கோபால்… கோபால்” என்று இழுத்துக் காட்டாத பலகுரல் கலைஞர் தமிழ்நாட்டில் உண்டா? இத்தனைக்குப் பிறகும் அதன் முடிவைப் பொத்திவைக்க வேண்டும் என்றால் அந்தப் படத்தைப் பற்றி நான் என்னதான் எழுதுவது? ஊட்டி பங்களாவும் கப்பலும் அழகாக இருக்கின்றன என்றா?

என் கணக்கு இது: ஒரு படத்துக்குப் பத்து வருடம் தாராளம். அதற்கு மேல் பார்க்காதவர்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

நெறியாளர்:

காரசாரமாகப் போகும் என்று தெரிகிறது. அதனால் முன்கூட்டியே: இந்த இழையில் ‘புதிய பறவை’, ‘அந்த நாள்’, ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, ‘வெர்டிகோ’, ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் 1980 படம், ‘சிட்டிசன் கேன்’ ஆகியவற்றின் முடிச்சுகள் அவிழ்க்கப்படும். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

பின்வரிசை:

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கடைசியில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள். படம் வந்தது 1959. பத்து வருடக் கணக்கு முடிந்துவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தாமிரபரணி:

கண்டனம் எழுதியது நான்தான். ரீல்பெட்டி ஐயாவின் கட்டுரை நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால்தான் கடைசி வரை படித்தேன், மாட்டிக்கொண்டேன்.

படத்துக்கு எத்தனை வயது என்பது எனக்கு எதற்கு? எனக்கு இருபது வயது. என்னைப் பொறுத்தவரை அது போன மாதம் அறிமுகமான படம். அதன் பாட்டுகள் எல்லாம் பாட்டியின் வாயால் கேட்டவை. “எங்கே நிம்மதி” பாடுவார். கதை என்ன என்று கேட்டால் “நீயே பார்” என்பார். அறுபது வருடமாகக் கதை தெரிந்த பாட்டிக்கு இருந்த பொறுமை இங்கே யாருக்கும் இல்லையா?

பிறகு படத்தைப் பார்த்தேன். பிடித்திருந்தது. ஆனால் இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட மனைவி, விருந்தினர் கூடியிருக்கும் இடத்தில் “நான்தான் சித்ரா” என்று வந்து நிற்கிறாளே, அந்த இடத்தில் எனக்குத் துளிகூடப் பதற்றம் வரவில்லை. கோபால் (சிவாஜி) “இவள் என் மனைவி இல்லை” என்று துடிக்கும்போது, பாவம், இவனை யாராவது நம்ப மாட்டார்களா என்று பார்வையாளர் தவிக்க வேண்டும். நானோ இவன் எப்போது மாட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோடு கூட நிற்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இரண்டாவது முறை பார்ப்பது யாருக்கும் எப்போதும் கிடைக்கும். முதல் முறை ஒன்றே ஒன்றுதான். என்னை நேரடியாக இரண்டாவது முறையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டீர்கள்.

கருப்புவெள்ளை:

அந்தப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது இன்று கண்டுபிடித்த நாகரிகமும் இல்லை. திரையரங்கு வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், நினைவிருக்கிறதா? மட்டமான தாள், மங்கலான அட்டைப்படம். உள்ளே பாட்டு வரிகளும் கதைச்சுருக்கமும் இருக்கும். கதை நன்றாகச் சூடுபிடிக்கும் இடத்தில் “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நிறுத்திவிடுவார்கள். கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வியாபாரத்தில் பார்வையாளர் மேல் ஒரு மரியாதையும் இருந்தது.

நிழல்நாடகம்:

வெளிநாடுகளிலும் இதே கதைதான். பிரெஞ்சு இயக்குநர் குளூசோவின் ‘லே டியபோலிக்’ 1955இல் வந்தது. படம் முடிந்ததும் திரையிலேயே எழுத்துகள் வரும்: நண்பர்களிடம் முடிவைச் சொல்லி அவர்கள் ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள் என்று. 1957இல் பில்லி வைல்டரின் ‘விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்’ படத்தின் முடிவில் ஒரு குரல் இதையே கேட்டுக்கொள்ளும். அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ நாடகம் லண்டனில் 1952இல் தொடங்கியது. கோவிட் காலத்தில் நின்றதைத் தவிர்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றும் நாடகம் முடிந்ததும் நடிகர்கள் பார்வையாளர்களிடம் இரகசியத்தைக் காக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். ரீல்பெட்டியின் பத்து வருடக் கணக்குப்படி அந்த வேண்டுகோள் 1962இலேயே காலாவதியாகியிருக்க வேண்டும்.

‘சைக்கோ’ 1960இல் வந்தபோது ஹிட்ச்காக் செய்தவை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்றார். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே காட்டவில்லை. முன்னோட்டப் படத்தில் அவரே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார், ஒரு பெண் அலறுவாள். அந்த முகம், படத்தில் குளியலறையில் கொலையாகும் ஜேனட் லீ இல்லை, இன்னொரு நடிகை வீரா மைல்ஸ். முன்னோட்டத்திலேயே ஆளை மாற்றி ஏமாற்றிய மனிதர்!

ரீல்பெட்டி:

இவை எல்லாம் படமோ நாடகமோ ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கொண்டவை. டிக்கெட் விற்க வேண்டும், அதனால் வாயை மூடச் சொன்னார்கள். ஓடி முடித்த படத்துக்கு அந்தச் சத்தியம் எதற்கு?

உறையூரான்:

எல்லாரும் வெள்ளைக்காரர் பக்கமே ஓடுகிறீர்கள். சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் புரட்டிப் பாருங்கள். காப்பியம் தொடங்குமுன்பே சாத்தனார் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார். கோவலன் பொருளை இழந்தது, சிலம்பு விற்க மதுரைக்கு வந்தது, பொற்கொல்லன் சூழ்ச்சி, பாண்டியன் ஆணை, கோவலன் கொலை, கண்ணகியின் சினம், மதுரை எரிந்தது எல்லாம் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான் மங்கல வாழ்த்தே வருகிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நம் முன்னோர் நினைக்கவே இல்லை.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனன் படுகளம் நடக்கிறதே, அவன் சாகப்போகிறான் என்று தெரியாமலா ஊரே திரண்டு நிற்கிறது? மண்ணில் பெரிய உருவமாக அவனைக் கிடத்தி வைத்தே கூத்து நடத்துகிறார்கள். முடிவு கண்முன்னே கிடக்கிறது. ஆனாலும் விடிய விடியக் கூட்டம் கலைவதில்லை.

பின்வரிசை:

பதிகத்தை இளங்கோதான் எழுதினார் என்று எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் யாரோ எச்சரிக்கை போடாமல் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

உறையூரான்:

கிண்டல் போகட்டும். பதிகத்தை விட்டுவிட்டாலும் கண்ணகி கண்ட கனவு காப்பியத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கோவலன் புகாரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இருவரும் ஒரு பெரிய ஊருக்குப் போவதையும் அங்கே அவன் மேல் பழி விழுவதையும் அவள் கனவில் கண்டு தோழியிடம் சொல்லிவிடுகிறாள். கதை எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த நடைப்பயணம் நெஞ்சை அடைக்கிறது.

நிழல்நாடகம்:

உறையூரான் ஐயா சொல்வது சிலம்புக்குப் பொருந்தும், கொலை மர்மத்துக்குப் பொருந்தாது. கோவலன் சாவான் என்று தெரிந்தால் சிலம்பில் ஒவ்வொரு அடியும் கனமாகிறது. தடுக்க முடியாதே என்ற தவிப்புதான் அங்கே சுவை. ‘புதிய பறவை’ கட்டப்பட்டிருப்பது நம் அறியாமையின் மேல். அடித்தளத்தை உருவிவிட்டு மாடியை இரசிக்கச் சொன்னால் எப்படி?

இன்னொன்றும் உண்டு. எப்போது சொல்வது என்பதைக் கதை சொல்பவர் முடிவு செய்கிறார். ‘வெர்டிகோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். மூல நாவலில் கதாநாயகன் காதலித்து இழந்த பெண்ணும் பிறகு சந்திக்கும் பெண்ணும் ஒருத்தியே என்ற இரகசியம் கடைசியில்தான் உடைகிறது. 1958 படத்தில் ஹிட்ச்காக் அதை முன்னால் இழுத்துவிட்டார். அந்த இரண்டாவது பெண் ஜூடி ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறாள், நடந்தது எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கதாநாயகனுக்கு மட்டும் தெரியாது. அதிலிருந்து படமே வேறாகிறது. அவன் அவளுக்கு அதே சாம்பல் நிற உடையை வாங்கிக் கொடுத்துப் பழைய பெண்ணாக மாற்றும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. முடிவை முன்பே சொல்லியும் ஒரு பெரிய படம் எடுக்கலாம் என்று அவர் காட்டினார். ஆனால் எந்த நிமிடத்தில் சொல்வது என்று தேர்ந்தெடுத்தவர் அவர். இணையத்தில் எழுதும் நாம் அந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுக்க யார்?

ரீல்பெட்டி:

இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் இதன்படி எந்த விமர்சகரும் எந்தப் படத்தின் முடிவையும் எந்தக் காலத்திலும் எழுதக்கூடாது என்றாகிறது. ‘அந்த நாள்’ பற்றிப் பேசாமல் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுத முடியுமா? வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த படம். பாட்டே கிடையாது. முதல் காட்சியிலேயே கதாநாயகன் சுடப்பட்டுச் சாகிறான். எதிரிலிருப்பவரிடம் இவ்வளவு சொல்லிவிட்டு, “ஆனால் அவன் யார், அவனைச் சுட்டது யார் என்று சொல்ல மாட்டேன்” என்று நிறுத்துவதா? அவன் ஜப்பானியருக்கு இரகசியம் விற்ற துரோகி, சுட்டவள் அவன் மனைவி என்பதுதானே அந்தப் படத்தின் உயிர்? 1943இல் சென்னையில் விழுந்த ஜப்பானியக் குண்டையும், நாட்டுப்பற்றையும், பண்டரிபாயின் அந்தப் பாத்திரத்தையும் முடிவைத் தொடாமல் எப்படி அலசுவது?

தாமிரபரணி:

அலசுங்கள் ஐயா. முதல் வரியில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு அலசுங்கள். அந்த ஒரு வரியால் உங்கள் வரலாறு குறைந்துவிடாது. (‘அந்த நாள்’ நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், தப்பித்தேன்.)

வடகோடி:

வணக்கம், டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். யாருமே சொல்லாமல் தெரிந்துவிடும் இரகசியங்களை என்ன செய்வீர்கள்? ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடர்தான் கதாநாயகன் லூக்கின் தகப்பன் என்பது என் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கும் முன்பே தெரியும். நான் சொல்லவில்லை, பள்ளியிலும் யாரும் உட்கார்ந்து கதை சொல்லவில்லை. பனியன், பொம்மை, கேலிச்சித்திரம் என்று காற்றிலேயே கலந்துவிட்ட செய்தி அது. 1980இல் வெளிவந்த அந்தப் படத்தை எடுத்தபோது வேடராக உடையணிந்து நடித்தவருக்கே உண்மையான வசனத்தைக் கொடுக்கவில்லை. அவர் பேசியது வேறு, பின்னால் குரல் கொடுத்தவர் சொன்னது வேறு. அவ்வளவு கட்டுக்காவலாக இருந்த செய்தி இன்று தேநீர்க் கோப்பையில் அச்சாகிறது.

‘சிட்டிசன் கேன்’ படத்தில் கதாநாயகன் சாகும்போது சொல்லும் “ரோஸ்பட்” ஒரு பனிச்சறுக்குப் பலகை என்பது 1973இல் ‘பீனட்ஸ்’ கேலிச்சித்திரத்திலேயே வந்துவிட்டது. முதல் முறையாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் லைனஸிடம் அவன் அக்கா லூசி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அவன் அலறுவான். 1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ இன்னும் மோசம். கடைசிக் காட்சியில் வரும் சுதந்திர தேவி சிலையை வீடியோ அட்டையிலேயே அச்சிட்டு விற்றார்கள். விற்பவர்களே இப்படி என்றால் இரசிகர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கருப்புவெள்ளை:

வடகோடி சொல்வது வேறு கணக்கு. காற்றில் கலந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. ‘புதிய பறவை’யில் காற்றில் கலந்தது “கோபால்” என்ற அந்த இழுவை மட்டும்தான். கோபால் என்ன செய்தான் என்பது கலக்கவில்லை. நாலு கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டு தெரியும், பலகுரல் தெரியும், கதை தெரியாது. புகழ் பெற்ற படம் என்றால் முடிவும் புகழ் பெற்றிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதைவிட முக்கியமாக ஒன்று. அந்தப் படத்தின் முடிச்சு கதையில் மட்டும் இல்லை, நடிகர் தேர்விலும் இருக்கிறது. எம். ஆர். ராதா உள்ளே வருகிறார், சித்ராவின் மாமா ரங்கன் என்கிறார். 1964இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு ராதா என்றால் யார்? ‘பாகப்பிரிவினை’யில் குடும்பத்தைக் குலைத்த சிங்கப்பூரான். அந்தக் குரலைக் கேட்டதுமே இவர்கள் ஏமாற்றுக்காரர்கள், சொத்துக்காக வந்திருக்கிறார்கள் என்று அரங்கமே முடிவு கட்டிவிடும். இன்னொரு பக்கம் சிவாஜி. அவர் சொந்த நிறுவனத்தில் எடுத்த படம். அவர் பாடுகிறார், உருகுகிறார், கண்ணீர் விடுகிறார். அவரைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? லதாவாக வருபவரோ சரோஜாதேவி. படம் முடிகிறபோது கொலைகாரன் சிவாஜி, காவல்துறையினர் ராதாவும் சரோஜாதேவியும். பத்து வருடமாகப் படம் பார்த்துச் சேர்த்துவைத்திருந்த பழக்கத்தையே எடுத்து நம் மேல் வீசினார்கள்.

இதே கதைக்கூறு 1958இல் ஆங்கிலத்தில் ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்று வந்தது. 1963இல் வங்காளத்தில் உத்தம் குமார் நடித்து ‘சேஷ் அங்க’ என்று வந்தது. அவற்றைப் பார்த்திருந்தவர் சென்னையிலும் சிலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு முடிவு தெரியும். ஆனால் ராதாவை வைத்து நம்மை ஏய்த்த வித்தை அந்தப் படங்களில் கிடையாது.

ரீல்பெட்டி:

கருப்புவெள்ளை அண்ணா, நீங்கள் என் பக்கம்தான் வாதாடியிருக்கிறீர்கள், தெரிகிறதா? முடிச்சு 1964ஆம் ஆண்டுப் பார்வையாளரின் பழக்கத்தில் இருந்தது என்றால் அந்தப் பார்வையாளரோடு அது போய்விட்டது. இன்று இருபது வயதுப் பெண்ணுக்கு எம். ஆர். ராதாவைப் பார்த்து என்ன சந்தேகம் வரும்? ‘சைக்கோ’விலும் அதுதான். படம் பாதியை எட்டும் முன்பே ஜேனட் லீ கொலையாகிறாள். பெரிய நட்சத்திரத்தை அப்படிக் கொல்ல மாட்டார்கள் என்று 1960இல் நம்பினார்கள், அதனால் அலறினார்கள். இன்று பார்ப்பவருக்கு அவர் யாரோ ஒரு பழைய நடிகை. எச்சரிக்கை போட்டாலும் போடாவிட்டாலும் அந்த அதிர்ச்சி திரும்ப வராது. இல்லாத ஒன்றை நான் எப்படிக் கெடுக்க முடியும்?

தாமிரபரணி:

அதிர்ச்சி குறைந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டுவது எப்படி? ராதாவின் பழைய படங்கள் எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் அந்தக் குரலும் அந்த அலட்சியமும் போதும், அவரை நம்ப யாருக்கும் தோன்றாது. அவருடைய வரலாற்றைப் படித்துவிட்டு வரவேண்டிய அவசியமில்லை, நடிப்பிலேயே அது இருக்கிறது. ஜேனட் லீ யாரென்று தெரியாமல்தான் ‘சைக்கோ’ பார்த்தேன். படம் தொடங்கியதிலிருந்து அவள் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். அவள் திருடிய பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவளே இல்லை. அதற்கப்புறம் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் தவித்தேன். நட்சத்திரம் என்பதால் வந்த அதிர்ச்சி எனக்கு வரவில்லைதான். ஆனால் எனக்கென்று வேறொன்று வந்தது. ‘புதிய பறவை’யிலும் அப்படி ஏதாவது கிடைத்திருக்கும். என்ன கிடைத்திருக்கும் என்று இனி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நிழல்நாடகம்:

இதற்கு ரீல்பெட்டி பதில் சொல்லட்டும், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

பின்வரிசை:

அறிவியல் வேறு மாதிரி சொல்கிறதே. 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் சிறுகதைகளை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் அதிகம் இரசித்தார்களாம், மர்மக் கதைகள் உட்பட.

நிழல்நாடகம்:

2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் ஆராய்ந்தபோது முடிவு தெரியாமல் படித்தவர்களே அதிகம் இரசித்தார்கள் என்று வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் ஆய்வுக்கூடத்தில் யாரோ கொடுத்த சிறுகதையைப் படிப்பதும், பாட்டி பல வருடம் பாட்டு மட்டும் பாடிக் காக்கவைத்த படத்தைப் பார்ப்பதும் ஒன்றா?

வடகோடி:

பழைய படங்களைக் காட்டும் ஒரு இணையத் தளத்தில் படத்தின் சிறு அறிமுகத்திலேயே “கணவனைக் கொன்ற மனைவி” என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். எந்தப் படம் என்று சொல்ல மாட்டேன். முகப்புப் படமும் கடைசிக் காட்சியிலிருந்து எடுத்தது. அவர்களிடம் முதலில் சண்டை போட வேண்டும்.

உறையூரான்:

தாமிரபரணிக்கு ஒரு கேள்வி. கூத்தை விடுங்கள். ஒரு படம் இரண்டாம் முறை பார்க்கும்போது வெறுமையாகிவிட்டால் அது முதலிலேயே பெரிய படம் இல்லை என்றுதானே பொருள்? ‘புதிய பறவை’ முடிவு தெரிந்தும் உங்களுக்குப் பிடித்திருந்தது என்றீர்கள்.

தாமிரபரணி:

பிடித்திருந்தது, ஐயா. முடிவு தெரிந்து பார்த்ததால் சில இடங்கள் கூடுதலாகவே தெரிந்தன. இரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோபால் நடுங்குவது மனைவியை இழந்த துக்கத்தால் என்று முதலில் பார்ப்பவர் நினைப்பார். எனக்கோ அவன் தண்டவாளத்தில் எதைக் கொண்டுபோய்க் கிடத்தினான் என்று தெரியும். லதா அவனை அன்போடு விசாரிக்கும் ஒவ்வொரு கேள்வியும் விசாரணைதான் என்பதும் தெரியும். அவற்றை நானே இரண்டாம் முறையில் கண்டுபிடித்திருப்பேன் என்பதுதான் என் வருத்தம். பெரிய படம் என்பதால் அதை இரண்டு முறை புதிதாகப் பார்க்கலாம். எனக்கு ஒரு முறைதான் மிஞ்சியது.

ரீல்பெட்டி:

இரயில் சத்தத்தைப் பற்றிச் சொன்னது நல்ல கவனிப்பு. என் கட்டுரையில் அது இல்லை. பத்து வருடக் கணக்கை நான் விடப்போவதில்லை, ஆனால் அதைப் படத்தை ஆராயும் கட்டுரைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். “இந்தப் படத்தைப் பாருங்கள்” என்று பரிந்துரைக்கும் இடத்தில் முடிவைச் சொல்பவரோடு எனக்கும் உடன்பாடில்லை. பரிந்துரை என்பதே இன்னும் பார்க்காதவரோடு பேசுவதுதானே. அங்கே படத்தின் வயது கணக்கில் வராது.

நெறியாளர்:

அப்படியே விதியாக வைத்துவிடலாம். பரிந்துரைப் பகுதியில் 1931இல் வந்த ‘காளிதாஸ்’ ஆனாலும் முடிவு எழுதக்கூடாது. ஆய்வுப் பகுதியில் தலைப்பிலேயே படத்தின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எதையும் எழுதலாம். ஒரு படத்தைப் பற்றிய இழையில் வேறொரு படத்தின் முடிவைப் போகிற போக்கில் உடைப்பவர்களின் பதிவுகளை நீக்குவேன். அதிகம் புகார் வருவது அதற்குத்தான்.

பின்வரிசை:

கட்டபொம்மன் விஷயத்தில் என் பதிவை நீக்கப்போகிறீர்களா?

நெறியாளர்:

வரலாற்றுப் பாடநூலில் இருப்பதை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை.

வடகோடி:

இங்கே எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். 1967இல் ஏவி.எம். எடுத்த ‘அதே கண்கள்’ நான் பார்த்ததே இல்லை. ரவிச்சந்திரன், காஞ்சனா நடித்தது, யாரோ முகமூடிக் கொலைகாரன் என்பது வரை தெரியும். வார இறுதியில் பிள்ளைகளோடு பார்க்கலாமா? மிகவும் பயமுறுத்துமா?

கருப்புவெள்ளை:

தாராளமாகப் பாருங்கள். சிறு பிள்ளைகள் என்றால் இரவில் வேண்டாம், பகலில் பாருங்கள். கொலைகாரன் யாரென்று…

தாமிரபரணி:

ஐயா!

கருப்புவெள்ளை:

…பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்றுதான் எழுத வந்தேன். மீதியை வெள்ளித்திரையில் காண்க.